பூட்டானுக்கு நாமே போகலாம்

பூட்டான் போக இந்தியர்களுக்கு விசா வேண்டாம், நுழைவு அனுமதி போதும். அதற்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை அசலாக இருக்கவேண்டும். ஆதாரை நம்பிக் கிளம்பாதீர்கள், எடுபடாது.

செலவைக் கணக்குப் போடும்போது அறை வாடகையிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் எஸ்.டி.எஃப். எனும் அரசுக் கட்டணம்: இந்தியர் ஒருவருக்கு இரவுக்கு 1,200 ரூபாய். தம்பதியாக ஐந்து இரவு தங்கினால் அதற்கே 12,000 போய்விடும். என் வீட்டுக்காரர் இதைக் கேட்டதுமே பயணத்தில் ஒரு நாளைக் குறைத்துவிட்டார்! நானும் மறுக்கவில்லை.

ரயிலில் மேற்கு வங்கத்தின் ஹாசிமாரா, அங்கிருந்து ஜெய்காவ்ன் வழியாகப் பூட்டானின் எல்லை ஊரான ஃபுன்ஷோலிங். அப்புறம் திம்புவுக்கு மலைப்பாதை. வாந்தி வருபவர்கள் ஜன்னலோரம் பிடியுங்கள். கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளுங்கள். பூட்டான் பணமான நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு.

பாரோவில் தக்சாங் மடத்துக்குக் காலையிலேயே ஏறத் தொடங்குங்கள். குதிரை பாதி வழிதான். கடைசியில் நூற்றுக்கணக்கான படிகள் உண்டு, முழங்கால் வலி இருந்தால் யோசியுங்கள்.

சாப்பாட்டில் எமா தாட்சி: மிளகாய்தான் காய், பாலாடைக்கட்டிதான் குழம்பு. காரம் குறைக்கச் சொல்லியே வாங்குங்கள்.