ஒரு தடவை அமுக்கினால் இரண்டு கிளிக்: மவுஸ் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

மவுஸ் தகராறு செய்தால் முதல் வேலையாக அதைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே தொல்லை என்றால் கோளாறு மவுஸில், அங்கே ஒழுங்காக ஓடினால் உங்கள் கம்ப்யூட்டரில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் டிரைவரை நீக்கி, திரும்பப் போட்டு, விண்டோஸையே மறுபடி நிறுவிவிட்டு, அதற்குப் பிறகும் அதே தொல்லையோடு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. வேறு கம்ப்யூட்டர் இல்லையென்றால், போனில் யூஎஸ்பி சாதனங்களை மாட்ட உதவும் ஓடிஜி அடாப்டர் வழியாக ஆண்ட்ராய்டு போனிலேயே மாட்டலாம், திரையில் அம்புக்குறி வந்துவிடும்.

மவுஸ் சுத்தமாக வேலை செய்யாதபோது கம்ப்யூட்டரை எப்படி இயக்குவது? விண்டோஸில் இடதுபக்க ஷிப்ட், ஆல்ட், நம்லாக் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கேள்வி வரும், என்டர் தட்டுங்கள். அதன்பிறகு வலப்பக்க எண் விசைகளில் 8, 2, 4, 6 அம்புக்குறியை நகர்த்தும், 5 கிளிக் செய்யும். எண் விசைகள் இல்லாத லேப்டாப்பில் டேப், அம்பு விசைகள், என்டர் ஆகியவற்றை வைத்தே ஓட்டிவிடலாம். ரைட் கிளிக்குக்கு ஷிப்டும் எஃப்10-உம்.

அம்புக்குறி தாவுகிறது, நடுங்குகிறது என்றால் மவுஸைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் உள்ள சென்சார் ஒரு குட்டி கேமரா, மேசைப் பரப்பை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை படமெடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் எந்தப் பக்கம் நகர்ந்தோம் என்று கணக்கிடுகிறது. கண்ணாடி மேசையிலும் பளபளப்பான சன்மைக்காவிலும் வித்தியாசம் தெரிய எதுவும் இல்லாததால் பெரும்பாலான மவுஸ்கள் திணறும். கீழே ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பாருங்கள், சரியாகிவிட்டால் ஒரு மவுஸ் பேடு வாங்கிக்கொள்ளுங்கள், விஷயம் முடிந்தது. சென்சார் குழியில் முடியோ தூசியோ இருந்தால் காது குடையும் பட்ஸால் மெதுவாக எடுங்கள். இன்னொன்று, அடியில் சிவப்பு வெளிச்சம் இல்லையே, செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பல மவுஸ்களில் இருப்பது அகச்சிவப்பு விளக்கு, கண்ணுக்குத் தெரியாது.

வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு ஓடினால் பேட்டரியை மாற்றிப் பாருங்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது யூஎஸ்பி 3 என்ற வேகமான போர்ட் தரும் தொல்லை. அந்த போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும், மவுஸுக்காகக் கம்ப்யூட்டரில் மாட்டும் குட்டி ரிசீவர் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஹார்டு டிஸ்க்கில் படம் காப்பி ஆகும்போது மட்டும் மவுஸ் இழுக்கிறது என்றால் காரணம் அநேகமாக இதுதான். ரிசீவரை யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டி மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். பேட்டரி கசிந்து கம்பியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பட்ஸில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் புதுப் பேட்டரி போடுங்கள்.

சும்மா வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் மட்டும் மவுஸ் தூங்குகிறதா? விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தி, பிறகு எம் தட்டினால் டிவைஸ் மேனேஜர் வரும். அதில் யூஎஸ்பி போர்ட்களைக் கவனிக்கும் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஒயர் மவுஸ் என்றால் ஒயர் மவுஸுக்குள் நுழையும் கழுத்துப் பகுதியைப் பிடித்து இப்படியும் அப்படியும் வளையுங்கள். வளைக்கும்போது விளக்கு அணைந்து எரிந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது, பெரும்பாலும் அந்த இடத்தில்தான் அறும்.

சரி, இனி எல்லாவற்றையும்விட அதிகமாக வரும் வியாதி. ஒரு தடவை அமுக்கினால் இரண்டு கிளிக் விழும், ஃபைலை இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் கைவிட்டு எங்கோ ஒரு ஃபோல்டரில் போட்டுவிடும். இதற்குக் காரணம் பட்டனுக்கு அடியில் உள்ள மைக்ரோ சுவிட்ச். அதற்குள் ஒரு மெல்லிய செம்புத் தகடு ஸ்பிரிங் போல வளைந்து நிற்கிறது. நாளாக ஆக அதன் விறைப்பு குறையும், தொடும் முனையில் ஆக்சைடு படியும், அப்புறம் ஒரு அமுக்கலிலேயே தகடு தொட்டு, விட்டு, மறுபடி தொடும். கம்ப்யூட்டருக்கு அது இரண்டு கிளிக். 2 கோடி, 5 கோடி கிளிக் தாங்கும் என்று சொல்லப்படும் சுவிட்ச்களிலும் இது வருகிறது.

உறுதி செய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் மவுஸைத் திறந்து டபுள் கிளிக் வேகத்தை அதிகபட்சத்துக்குத் தள்ளிவிட்டு, பக்கத்தில் உள்ள ஃபோல்டர் படத்தை ஒவ்வொரு தடவையாக, நிதானமாக இடைவெளி விட்டு அமுக்குங்கள். ஒற்றை அமுக்கலுக்கே அது திறந்தால் சுவிட்ச் போய்விட்டது, சந்தேகமே வேண்டாம். அதற்கு முன்னால், ஒரே கிளிக்கில் ஃபைலைத் திற என்ற ஃபோல்டர் அமைப்பு தவறுதலாக இயங்கிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வாரண்டி இருந்தால் திறக்காதீர்கள், கடையில் கொடுத்து மாற்றுங்கள். இல்லையென்றால் தற்காலிகமாக இடது, வலது பட்டன்களை செட்டிங்ஸில் மாற்றி வைத்து ஓட்டலாம், ஏனென்றால் வலது சுவிட்ச் அவ்வளவு தேய்ந்திருக்காது. சில நிறுவனங்களின் மென்பொருளில் டிபவுன்ஸ் நேரத்தை, அதாவது ஒரு கிளிக்குக்குப் பிறகு உடனே வரும் இன்னொரு கிளிக்கைக் கண்டுகொள்ளாமல் விடும் நேரத்தை, கூட்டும் வசதியும் உண்டு, அதுவும் கொஞ்ச காலம் தாங்கும்.

நிரந்தரத் தீர்வு சுவிட்சை மாற்றுவதுதான், ஈயத்தை உருக்கி ஒட்டும் சால்டரிங் பழக்கம் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஸ்குரூக்கள் அடிப்பக்க வழுக்குப் பட்டைகளுக்கும் ஸ்டிக்கருக்கும் கீழே ஒளிந்திருக்கும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் பட்டை கிழியாமல் உரியும். திறந்ததும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக சுவிட்சின் குமிழ் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று, ஏனென்றால் அது நடுவில் இருக்காது, திருப்பிப் போட்டால் பட்டன் குமிழில் சரியாக உட்காராது. மூன்று கால்களிலும் முதலில் கொஞ்சம் புது ஈயம் வைத்து, அப்புறம் உறிஞ்சி எடுங்கள், பழைய ஈயத்தோடு மட்டும் மல்லுக்கட்டினால் போர்டின் செம்புத் தடம் பிய்ந்துகொண்டு வரும். ஓம்ரான், ஹுவானோ, கைல் என்று பல நிறுவனங்களின் சுவிட்ச்கள் ஒரே அளவில் ஆன்லைனில் கிடைக்கின்றன, சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடலாம். சுவிட்சின் மூடியைப் பிரித்து உள்ளே உள்ள தகட்டை நிமிர்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், மிகச் சின்ன பாகங்கள், மறுபடி கோப்பது பெரும்பாடு, அப்படியே கோத்தாலும் பலருக்கு அது நீடிப்பதில்லை.

திறந்ததுதான் திறந்தாயிற்று, சக்கரத்தையும் கழற்றி அதைச் சுற்றியுள்ள முடி, அழுக்கை எடுத்துவிடுங்கள். கீழே உருட்டும்போது பக்கம் மேலே துள்ளுகிறது என்றால் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். மூடுவதற்கு முன் ஒருமுறை மாட்டி, அதே ஃபோல்டர் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு ஸ்குரூவை முடுக்குங்கள். உரித்த பட்டைகள் பழையபடி ஒட்டாவிட்டால் மெல்லிய டபுள் சைடு டேப் போதும், தடிமனான டேப் வேண்டாம், சென்சார் மேசையைவிட்டு உயர்ந்துபோய் அம்புக்குறி தடுமாறும்.