சாங்கி வேலைக்கு நான் போன வழி

மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தேன். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் அதே வேலைக்குச் சம்பளம் அதிகம். பட்டர்வொர்த்தில் இருந்த ஏஜெண்ட் ஒருவர், "பெர்மிட்டுக்கு முன்பணம் கட்டிடு தம்பி, மத்ததை சிங்கப்பூர் ஏஜென்சி பாத்துக்கும்" என்றார்.

கட்டவில்லை. சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட்டுக்கு மனுப் போட வேண்டியது முதலாளி. வெளிநாட்டுத் தொழிலாளிக்காக அரசுக்குக் கட்டும் மாதாமாத லெவியும் அவர் பொறுப்பு. நம் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. வேலை தருவதற்காக முதலாளி காசு வாங்கினால் அது குற்றம். ஏஜென்சிக் கட்டணமும் அதிகபட்சம் 2 மாதச் சம்பளம்தான். இதெல்லாம் தெரியாமல் அம்மாவின் நகையை அடகு வைக்கிற பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

அங்குள்ள மனிதவள அமைச்சின் உரிமப் பட்டியலில் தேடினேன். அந்த ஏஜெண்ட் சொன்ன ஏஜென்சி இல்லவே இல்லை. பேச்சை அத்தோடு முடித்துக்கொண்டேன்.

சாங்கியில் தரைச்சேவை செய்கிற சாட்ஸ், டினாட்டா இரண்டு நிறுவனங்களுக்கும் அவர்களுடைய வேலைவாய்ப்புப் பக்கத்திலேயே நேராக மனுப் போட்டேன். எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழோடு, இரவு ஷிப்டு பார்த்த அனுபவத்தையும் எழுதினேன். ஒன்றில் நேர்முகம் கிடைத்தது, பிறகு வொர்க் பெர்மிட்டுக்கு அமைச்சு தரும் முன் ஒப்புதல் கடிதமும் வந்தது. அதில் அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், பிடித்தம் எல்லாம் தனித்தனியாகப் போட்டிருக்கும். நேர்முகத்தில் சொன்ன தொகையோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்த பிறகே இங்கே ராஜினாமா கடிதம் கொடுத்தேன்.