ரெட்மைனில் விக்கிக் குறிகள்: முதல் டிக்கெட் எழுதுபவர்களுக்கு

ரெட்மைன் என்பது ஒரு குழுவின் வேலைகளையும் பிழைகளையும் பதிந்து வைக்கும் இணைய மென்பொருள். அதில் பதியும் ஒவ்வொரு பிழை அல்லது வேலைக் குறிப்பும் ஒரு டிக்கெட். இந்த டிக்கெட்டைப் பாருங்கள்:

```
பில் அச்சிடும்போது தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது விற்பனைத் திரையைத் திறக்கவும் பிறகு பொருளின் பெயரைத் தமிழில் தட்டவும் பிறகு அச்சு பொத்தானை அழுத்தவும் விண்டோஸ் 10 கணினியில் வருகிறது 11 இருப்பதில் வரவில்லை அவசரம்
```

தேவையான தகவல் எல்லாம் இதில் இருக்கிறது. ஆனாலும் காலையில் இருபது டிக்கெட்டுகளைத் திறந்து வைத்திருக்கும் டெவலப்பர் இதைப் படிக்க மாட்டார், 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிவிடுவார். நானே தள்ளியிருக்கிறேன். இதே டிக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழுங்குபடுத்துவோம். அதிலேயே விக்கிக் குறிகள் பழகிவிடும்.

விக்கிக் குறி என்பது பெரிய வித்தை இல்லை. எழுத்தோடு நட்சத்திரம் (*), ஹேஷ் (#) மாதிரி நாலைந்து குறிகளைச் சேர்த்துத் தட்டுகிறோம். சேமித்ததும் மென்பொருள் அவற்றைத் தடித்த எழுத்தாகவும் பட்டியலாகவும் மாற்றிக் காட்டுகிறது. வார்டு கன்னிங்ஹாம் 1995இல் முதல் விக்கித் தளத்தை, அதாவது படிப்பவர்களே திருத்தி எழுதக்கூடிய தளத்தைத் திறந்த காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. 2006இல் வந்த ரெட்மைன், டீன் ஆலன் உருவாக்கிய டெக்ஸ்டைல் என்ற குறிமுறையை எடுத்துக்கொண்டது. பிறகு மார்க்டவுனும் சேர்ந்தது. இங்கேதான் முதல் குழப்பம்.

படி 1: உங்கள் ரெட்மைன் எந்தக் கட்சி?

நிர்வாகி இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருப்பார். அவரைக் கேட்கக்கூட வேண்டாம். புது டிக்கெட்டின் விவரப் பெட்டியில் இதைத் தட்டி, முன்னோட்டத்தை அழுத்துங்கள்:

```
*அவசரம்*
```

தடித்த எழுத்தாக வந்தால் டெக்ஸ்டைல், சாய்ந்து வந்தால் மார்க்டவுன். இனி நான் சொல்வது டெக்ஸ்டைலுக்கு.

இதை ஏன் முதல் படியாக வைத்தேன் என்றால், பட்டிருக்கிறேன். நான் இருந்த ஒரு குழுவில் ஒரு நாள் டெக்ஸ்டைலை மார்க்டவுனாக மாற்றினார்கள். ரெட்மைன் பழைய டிக்கெட்டுகளைத் தானாக மாற்றி எழுதித் தராது. டெக்ஸ்டைலில் வரிசை எண் பட்டியலுக்குப் போடும் ஹேஷ், மார்க்டவுனில் பெரிய தலைப்பு. விளைவு, 'கணினியை அணைக்கவும்' 'மீண்டும் போடவும்' என்று ஒவ்வொரு வரியும் சுவரொட்டி எழுத்தில் கத்தியது.

படி 2: தடித்த எழுத்து, அதோடு வரும் தமிழ்த் தொல்லை

```
*தடித்த எழுத்து*
_சாய்ந்த எழுத்து_
+அடிக்கோடு+
-வெட்டுக்கோடு-
```

குறிக்கும் எழுத்துக்கும் நடுவே இடைவெளி விடாதீர்கள். வரியின் தொடக்கத்தில் நட்சத்திரம் போட்டு இடைவெளி விட்டால் அது பட்டியலாகிவிடும்.

ஆங்கிலத்தில் இருக்கும் விளக்கங்களில் கிடைக்காத ஒன்று இனி. ஆங்கிலத்தில் சொல் தனியாக நிற்கும், நமக்கு வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டு வரும். அதனால் இப்படி எழுதத் தோன்றும்:

```
இந்தப் பிழை *சர்வர்*இல் மட்டும் வருகிறது
```

இது தடிக்காது. நட்சத்திரங்கள் அப்படியே திரையில் நிற்கும். மூடும் குறிக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோ வரிமுடிவோ இருந்தால்தான் டெக்ஸ்டைல் அதை மூடும் குறியாக ஏற்கும். எழுத்து ஒட்டி வந்தால் கண்டுகொள்ளாது. உருபையும் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்:

```
இந்தப் பிழை *சர்வரில்* மட்டும் வருகிறது
```

தமிழாகவும் இதுதான் நன்றாக இருக்கிறது. சாய்வெழுத்தைத் தமிழில் நான் பயன்படுத்துவதே இல்லை. பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென்று தனி வடிவம் கிடையாது. உலாவி நேர் எழுத்தையே பிடித்துச் சாய்த்துவிடும், கண்ணுக்கு நன்றாக இருக்காது.

படி 3: பட்டியல்

எந்த வரிசையில் செய்தால் பிழை வருகிறது என்பதுதான் டிக்கெட்டின் உயிர். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு ஹேஷ், ஓர் இடைவெளி:

```
# விற்பனைத் திரையைத் திறக்கவும்
# பொருளின் பெயரைத் தமிழில் தட்டவும்
## உதாரணம்: துவரம்பருப்பு
# அச்சு பொத்தானை அழுத்தவும்
```

எண்கள் தானாக வந்துவிடும். நடுவில் ஒரு வரியைச் செருகினாலும் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு ஹேஷ் போட்டால் உள்பட்டியல். எண் வேண்டாம், புள்ளி போதும் என்றால் ஹேஷுக்குப் பதில் நட்சத்திரம். பட்டியலுக்கு முன்னும் பின்னும் ஒரு வெற்று வரி விடும் பழக்கத்தை இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: தலைப்பு

கருவிப்பட்டையில் ஹெச்1, ஹெச்2, ஹெச்3 என்ற பொத்தான்கள் உண்டு, அழுத்தினால் குறி தானாக வரும். தலைப்புக்குக் கீழே வெற்று வரி கட்டாயம். இல்லாவிட்டால் அடுத்த வரியும் தலைப்போடு சேர்ந்துவிடும். சின்ன டிக்கெட்டுக்குத் தலைப்பே வேண்டாம் என்பது என் கட்சி.

படி 5: அட்டவணை

எந்தக் கணினியில் வருகிறது, எதில் வரவில்லை என்பதை வாக்கியமாக எழுதினால் குழப்பம்தான். செங்குத்துக் கோடுகளால் கட்டம் போடுங்கள்:

```
|_. கணினி |_. பில் வரும் விதம் |
| விண்டோஸ் 10 | கட்டம் கட்டமாக |
| விண்டோஸ் 11 | *சரியாக* |
```

கோட்டை ஒட்டி அண்டர்ஸ்கோரும் புள்ளியும் வந்தால் அது தலைப்புக் கட்டம். ஒவ்வொரு வரிசையும் கோட்டில் தொடங்கி கோட்டில் முடிய வேண்டும், வரிசைகளுக்கு நடுவே வெற்று வரி கூடாது. கோடுகள் ஒன்றின் கீழ் ஒன்று நேராக நிற்க வேண்டிய அவசியமில்லை. நான் அதற்காக இடைவெளி தட்டித் தட்டி வீணாக்கிய நேரம் போதும்.

படி 6: இணைப்புகள்

ஹேஷை ஒட்டி எண் வந்தால் அது அந்த எண்ணுள்ள டிக்கெட்டுக்கு இணைப்பு. இடைவெளி விட்டால் பட்டியல், விடாவிட்டால் இணைப்பு, அவ்வளவுதான் வித்தியாசம்:

```
இது #124 டிக்கெட்டில் சொன்ன அதே பிழை
```

அந்த டிக்கெட் ஏற்கெனவே மூடப்பட்டிருந்தால் எண்ணின் மேல் கோடு விழும், திறந்து பார்க்காமலே தெரிந்துவிடும். இங்கேயும் பழைய தொல்லைதான்: எண்ணை ஒட்டி #124இல் என்று எழுதினால் இணைப்பு உருவாகாது, இடைவெளி விடுங்கள். இன்னொன்று, நம் உதாரணத்தில் பில் எண்ணையும் #124 என்று எழுத நேரலாம். ரெட்மைனுக்கு அது பில் என்று தெரியாது, டிக்கெட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டால் சும்மா இருக்கும்:

```
பில் எண் !#124
```

டிக்கெட்டுகளைத் தவிர, குழு தன் குறிப்புகளை எழுதி வைக்கும் விக்கிப் பக்கங்களும் ரெட்மைனில் உண்டு. அவற்றுக்கு இணைப்பு தர இரட்டைச் சதுர அடைப்பு:

```
[[அச்சுப்பொறி அமைப்பு]]
[[அச்சுப்பொறி அமைப்பு|அச்சுப்பொறி அமைப்பில்]] பார்க்கவும்
```

இரண்டாவது வடிவம் தமிழுக்கென்றே செய்தது போல இருக்கிறது. கோட்டுக்கு இடப்பக்கம் பக்கத்தின் உண்மைப் பெயர், வலப்பக்கம் வாக்கியத்துக்கு ஏற்ற உருபோடு வரும் பெயர். அப்படி ஒரு பக்கம் இன்னும் இல்லையென்றால் இணைப்பு சிவப்பாகத் தெரியும். பயப்பட வேண்டாம், சொடுக்கினால் அந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கலாம்.

படி 7: பிழைச்செய்தியை ஒட்டுவது

பிழைச்செய்திக்குள் நட்சத்திரமும் அண்டர்ஸ்கோரும் சகஜம். அப்படியே ஒட்டினால் ரெட்மைன் அவற்றையும் விக்கிக் குறி என்று எடுத்துக்கொண்டு பாதியைத் தின்றுவிடும். ஒரு சொல்லோ கோப்பின் பெயரோ என்றால் இரண்டு பக்கமும் @ போதும்:

```
@பில்_அச்சு_2@ என்ற கோப்பு
```

பல வரிகள் என்றால் ஒட்டியதைத் தேர்வு செய்து, கருவிப்பட்டையில் முன்வடிவமைத்த உரைக்கான பொத்தானை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் எதையும் ரெட்மைன் தொடாது.

படி 8: சேமிப்பதற்கு முன்

முன்னோட்டத்தை ஒரு முறை பாருங்கள். திரையில் எங்காவது நட்சத்திரம் தனியாக நின்றால், பத்தில் ஒன்பது தடவை காரணம் படி 2இல் சொன்ன ஒட்டிய உருபுதான். விக்கிப் பக்கத்தில் தைரியமாகவே விளையாடலாம். ஒவ்வொரு சேமிப்பும் தனிப் பதிப்பாக வரலாற்றில் இருக்கும், இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டு எது மாறியது என்றும் பார்க்கலாம். நம் பில் டிக்கெட்டில் மிச்சம் இருப்பது அந்த 'அவசரம்' மட்டும்தான். அதற்கு நட்சத்திரம் வேண்டாம், அழித்துவிட்டு மேலே இருக்கும் முன்னுரிமைப் பெட்டியில் தேர்ந்தெடுங்கள்.