சாக்கில் ஒட்டிக்கொண்ட எழுத்து

ஏற்காட்டில் மாமாவின் காப்பி மூட்டைகளுக்கு ‘ஏற்காடு அராபிகா’ என்று ஆங்கிலத்தில் அச்சுத்தகடு (எழுத்தைத் துளையாக வெட்டி, மேலே மை பூசும் தகடு) வெட்டப் போய் நாலு நாள் வீணானது. முதலில் சாதாரண ஸ்லாப் செரிஃப் (நுனிகளில் கட்டையான பட்டை உள்ள) எழுத்தில் வெட்டினேன். ஏ, ஆர், பி, டி எழுத்துகளின் நடுவே அடைபட்ட வயிற்றுத் துண்டுகள், மொத்தம் ஒன்பது, கழன்று விழுந்தன.

சரி என்று ‘ஸ்டென்சில்’ எழுத்துருவுக்கு மாறினேன். அதில் வயிற்றுத் துண்டைத் தகட்டோடு பிடித்துக்கொள்ளும் சிறு பாலங்கள் உண்டு. 1937-இல் வந்தது. பெரிய எழுத்துகள் மட்டும்தான். மூட்டைக்கு அது போதும். துண்டுகள் நின்றன, ஆனால் சாக்கில் பாலம் விட்ட இடைவெளிகள் மூடிக்கொண்டு ஒரே கறுப்பாகத் தெரிந்தது. மையைக் கெட்டியாக்கினேன், தகட்டைத் தடிமனாக்கினேன். பலனில்லை.

விஷயம் சணல் நூலில் இருந்தது. மை நூலோடு ஓடி இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் பரவுகிறது. என் பாலமோ ஒன்றரை மில்லிமீட்டர். காகிதத்தில் சோதித்ததால் இது தெரியவே இல்லை!

கோரல் ட்ரா என்ற வரைகலை மென்பொருளில் எழுத்தை வளைகோடாக மாற்றி, கான்டூரை (ஓரத்துக்கு இணையான கோட்டை) உள்பக்கம் 1.5 மி.மீ. கொடுத்தேன். இருபுறமும் சேர்ந்து பாலம் 4.5 மி.மீ. ஆனது. எழுத்து மெலிந்தாலும், கால்கள் தடித்த கட்டை என்பதால் உருவம் கெடவில்லை. மெல்லிய எழுத்தாக இருந்தால் காணாமலே போயிருக்கும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மறுபடி வெட்டி, பிரஷை இழுக்காமல் செங்குத்தாகக் குத்தினேன். அப்புறம் நாற்பது மூட்டையும் ஒரே மாதிரி விழுந்தன.