மீன்வளக் கணக்கும் கடல் வரைபடமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரையில் இறங்கிய மீனை எடைபோட்டு, கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று முடிவுகட்டுவதே கடலோர மீன்வளக் கணக்கில் ஆகப் பழைய தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன. எத்தனை படகுகள் போயின, எத்தனை நாள் தங்கின, எஞ்சினின் குதிரைத்திறன் என்ன, மீன் கூட்டத்தைக் காட்டும் எதிரொலிக் கருவி இருந்ததா என்பவை எல்லாம் மீன்பாட்டில், அதாவது பிடிபட்ட மீனின் அளவில், கலந்திருக்கின்றன. கூட்டமாகத் திரியும் இனங்களில் ஆபத்து இன்னும் அதிகம். இருப்பு குறையக் குறைய, மிஞ்சிய மீன் சில இடங்களில் ஒதுங்கும். கருவியுள்ள படகு நேரே அங்கு போய்ச் சேரும். ஆகவே கடைசிக் கட்டம்வரை ஒரு நாள் பாடு குறையாமலே இருக்கும்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் காட் மீனுக்கு நடந்தது இதுதான். 1980களில் பெரிய இழுவைக் கப்பல்களின் பாடு நன்றாக இருந்ததை நம்பி இருப்பை மிகுதியாக மதிப்பிட்டார்கள். மீன் அருகிவிட்டது, உருவமும் சிறுத்துவிட்டது என்று கரையோரச் சிறு மீனவர்கள் சொன்னது கணக்கில் ஏறவில்லை. 1992 ஜூலையில் அந்த மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று; சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள்.

இந்த விஷயத்தில் மன்னார் வளைகுடாவின் பழைய முத்துக்குளிப்பு நடைமுறை மேலானது என்பேன். முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டுகளான பார்களில் முன்கூட்டியே ஆள் இறக்கி, சிப்பியின் அளவையும் வயதையும் பார்த்து, மாதிரிக்கு எடுத்த சிப்பியின் முத்தை மதிப்பிட்ட பிறகே அந்த ஆண்டு குளிப்பு உண்டா இல்லையா என்று அறிவிப்பார்கள். (அப்படியும் சிப்பி பல ஆண்டுகள் காணாமற்போனதும், தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு குளிப்பு நடக்காமற்போனதும் வேறு கதை.)

தடைக்காலத்தை வாசிப்பதிலும் இதே கோளாறு உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தடை நீங்கிய முதல் வாரங்களில் மீன் குவிவதைப் பார்த்து வளம் மீண்டுவிட்டதாக எழுதுகிறார்கள். அதில் பெரும்பகுதி இரண்டு மாதம் பிடிபடாமல் சேர்ந்த மீன். ஜூனைச் சென்ற ஆண்டின் ஜூனோடு, அதே அளவு படகுகளுக்கு ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு.

ஏலக்கூடத்தில் கணக்கெடுப்பவரின் கண்ணுக்குத் தப்பும் குவியல் ஒன்று இருக்கிறது. வஞ்சிரம், பாறை, நண்டு, இறால் என்று கூடைகூடையாக ஏலம் போன பிறகு, தரையில் ஒதுக்கி மண்வெட்டியால் அள்ளப்படும் சங்காயம், அதாவது கழித்துப்போட்ட சில்லறை மீன், அது. கோழித்தீவனத்துக்குப் போகும் அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்தால், காரலுக்கு நடுவே விரல் நீளம்கூட வராத சங்கராவும் கணவாய்க் குஞ்சும் கிடக்கும். எல்லாவற்றையும் ‘சங்காயம், இத்தனை கிலோ’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், இரண்டு ஆண்டு கழித்துச் சங்கரா ஏன் குறைந்தது என்ற கேள்விக்கான விடை அந்த வரிக்குள்ளேயே புதைந்துவிடும். ஒரு கூடையையாவது இனம் பிரித்து, நீளம் அளந்து எழுத வேண்டும்.

கடலுயிர்களைக் கண்ட இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டும் வரைபடத்துக்கு வருவோம். அதில் புள்ளி இல்லாத இடத்தை உயிர் இல்லாத இடம் என்று வாசிக்கக் கூடாது. யாரும் தேடிப் போகாத இடமாகவும் அது இருக்கலாம். பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு அப்பால் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள். கடற்பசு மூச்சுக்காகச் சில நொடிகளே மேலே வரும். கலங்கிய நீரில் அது படகுக்கு அடியில் இருந்தாலும் தெரியாது. ஆனால் கடற்புல்லை வேரோடு மேய்ந்து போன இடத்தில் அடித்தரையில் நீளக் கோடாகத் தடம் கிடக்கும். விலங்கைக் கண்ட இடத்தோடு, தேடிய தடம், தேடிய நேரம், நீரின் தெளிவு ஆகியவற்றையும் குறித்துவைத்தால்தான் வெற்றிடத்துக்கு அர்த்தம் வரும்.

ஆண்டு குறிப்பிடாத வரைபடத்தையும் நம்பக் கூடாது: மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் 21 தீவுகளோடு அறிவிக்கப்பட்டது, அவற்றில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது நீருக்கடியில் இருக்கின்றன.

கடல் வெள்ளரி என்றும் சொல்லப்படும் கடல் அட்டையில் குழப்பம் இரட்டிப்பு. இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிப்பது குற்றம். இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். அதன் நுண்குஞ்சுகளோ எல்லைக்கோடு பாராமல் நீரோட்டத்தோடு போகின்றன. ஒரு கரையை மட்டும் பார்த்துப் போடும் கணக்கு பாதிக் கணக்குத்தான். தடைக்குப் பிறகு இந்தப் பக்கம் முறையான கரையிறக்கப் பதிவு ஏது? கரையேறும் அட்டைக்குப் பதிவேடு இல்லாததால், பறிமுதலான சரக்கின் எடையை இருப்பின் அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். அது ரோந்து எத்தனை முறை போனது என்பதைத்தான் காட்டும்.

இத்தகைய இனங்களின் இருப்பிடத்தைத் துல்லியமான ஆயத்தொலைவுகளோடு பொதுவில் வெளியிடுவது கள்ளத்தனமாகப் பிடிப்பவருக்கு வழிகாட்டுவதாகும். மூலப் பதிவைக் கணக்கெடுத்தவர்களிடமும் காவல் பொறுப்பில் உள்ளவர்களிடமும் வைத்துக்கொண்டு, பொது வரைபடத்தில் சில கிலோமீட்டர் அகலக் கட்டங்களாக மட்டும் காட்டினால் போதும்.