1967 ஜிடிஓ கன்வெர்டிபிள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட் பக்கம் வுட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுத்து முடிந்த கையோடு, என் பட்டறைக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "முழுசா ரீஸ்டோர் பண்ணின போன்டியாக் ஜிடிஓ விற்பனைக்கு வந்திருக்கு, கூரை திறக்கிற வண்டி, வாங்கலாமா?" ஜிடிஓ என்பது போன்டியாக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய கார், அதில் கூரை திறக்கிறதுதான் கன்வெர்டிபிள். டயரைப் பார், ஆயிலைப் பார் என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அதை விடுங்கள்.

போட்டோவை நம்பி முன்பணம் கட்டுவது

கட்டாதீர்கள்.

பெயின்ட்டில் மயங்கி, அடியில் பார்க்காமல் விடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. 1967இல் கன்வெர்டிபிளாக வந்த ஜிடிஓ 9,517தான். அதனால் அவசரப்படுகிறார்கள். ஒரு பையன் சிவப்பு வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். பெயின்ட்டில் முகம் பார்க்கலாம். 400 கன அங்குல எஞ்சினும் அருமையாக ஓடியது. லிஃப்டில் ஏற்றினேன், ஓட்டுநர் பக்கக் கதவைச் சாத்த முடியவில்லை. அடியில் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு. பின் ஆக்சிலுக்கு மேலே சேஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், வளைந்து ஏறும் இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். உள்ளே போய்விட்டது.

தலைக்கு மேல் இரும்புக் கூரை இல்லாத வண்டியில் பாரம் முழுவதையும் சேஸும் தளமும்தான் தாங்க வேண்டும். அதற்காகவே கன்வெர்டிபிளுக்குச் சேஸை நான்கு பக்கமும் மூடிய பெட்டிபோலச் செய்தார்கள். அந்தப் பெட்டிக்குள் மிச்சிகனில் பனியை உருக்கச் சாலையில் போடும் உப்பும் ஈரமும் புகுந்தால் வெளியே தெரியாமலே உள்ளிருந்து அரிக்கும். சரிசெய்ய பாடியையே கழற்றித் தூக்க வேண்டும். அந்தப் பையன் பெயின்ட்டுக்கென்று கொடுத்த பணம் அப்படியே வீண். விற்றவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது, தெரிந்துதான் தார் பூசியிருக்கிறார்.

வாங்கும் முன் முன்சக்கரத்துக்குப் பின்னால் சேஸில் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். கதவின் பின்விளிம்பை ஒட்டிய இடைவெளியைக் கவனியுங்கள். அது மேலே நெருங்கிக் கீழே விரிந்திருந்தால் நடுவில் தொய்ந்த வண்டி அது. தூக்க விடமாட்டேன் என்று சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

கூரையை இயக்கிப் பார்க்காதது

இரண்டு தடவை ஏற்றி இறக்குங்கள். பின்சீட்டுக்குப் பின்னால் கூரையை ஏற்றி இறக்கும் பம்பிலிருந்து எண்ணெய் கசிகிறதா பாருங்கள். அப்புறம் கார்பெட்டைத் தூக்கித் தளத்தையும் பாருங்கள். கூரை ஒழுகினால் முதலில் போவது அதுதான்.

முகப்பு எழுத்தை நம்புவது

முகப்பில் ஜிடிஓ என்று எழுத்து இருந்தாலே ஜிடிஓ ஆகிவிடாது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவின் கீல் மாட்டியிருக்கும் தூணில் வண்டி எண் தகடு இருக்கும். 1967 ஜிடிஓ கன்வெர்டிபிளுக்கு எண் 24267 என்று தொடங்க வேண்டும். 23767 என்று இருந்தால் அது லெமான்ஸ் என்ற வேறு போன்டியாக் மாடல், ஜிடிஓ பேட்ஜ் மாட்டி விற்கிறார்கள். பழைய போன்டியாக் ஆவணங்களை வைத்திருக்கும் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்தார் அந்த எண்ணை வைத்து ஆலை பில்லின் நகலைத் தருவார்கள். விலை பேசும்போது அது உங்கள் கையில் இருக்கட்டும்.