பாலைவன வண்டல் மண்ணைக் குழி தோண்டி வகைப்படுத்துவது எப்படி

மண்வெட்டியை எடுக்கும் முன்பே ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குழிச் சுவரில் தெரியும் அடுக்கு வெள்ளம் கொண்டுவந்து போட்டதா, இல்லை போட்ட பிறகு மண்ணுக்குள்ளேயே உருவானதா? பாலைவன வண்டலில் பாதி வேலை இதுதான். ஆற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிற ஊரில் இந்தக் குழப்பம் குறைவு, ஏனென்றால் அங்கே மழையும் வேரும் மண்புழுவும் பழைய படிவுகளைச் சீக்கிரம் கலைத்துவிடும். வறண்ட நிலத்தில் கலைக்க ஆளில்லை. எப்போதோ வந்த ஒரு திடீர் வெள்ளத்தின் தடம் அப்படியே கிடக்கும், அதைப் பார்த்து மண் அடுக்கு என்று எழுதிவிட்டால் அதற்கப்புறம் வரும் வகைப்பாடு முழுவதும் தப்பாகிவிடும்.

குழிக்கு இடம் பிடிப்பது

மலையடிவாரத்தில் ஓடை சமவெளிக்குள் இறங்கும் இடத்தில் வண்டல் விசிறி போல விரிந்திருக்கும். விசிறியின் தலைப்பகுதியில் பாறாங்கல்லும் சரளையும், நடுவில் சரளை கலந்த மணல், காலடியில் நுண்மணலும் சில்ட்டும் (மணலைவிட நுண்ணிய, களியைவிடப் பருத்த துகள்), அதையும் தாண்டி வடிகால் இல்லாத பள்ளத்தில் களியும் உப்பும் என்று பொதுவாகப் போகும். ஒரே குழியை வைத்து விசிறி முழுவதையும் வகைப்படுத்த முடியாது, குறைந்தது இந்த நான்கு இடங்களிலாவது பார்த்தாக வேண்டும்.

நிலப்பரப்பின் வயதையும் பாருங்கள், தூரத்தைவிட அது முக்கியம். பழைய ஓடைத் தடங்களும் கல் திட்டுகளும் மேடுபள்ளமாக இன்னும் தெரிந்து, கற்கள் வெளிறிப் புதிதாக இருந்தால் அது இளம் பரப்பு. தரை சமமாகி, கற்கள் நெருக்கமாகப் பதிந்து, மேல்பக்கம் கருப்புப் பூச்சு ஏறியிருந்தால் வெள்ளம் அங்கே வந்து ரொம்ப காலமாகிவிட்டது. அந்தக் கற்களை ஒதுக்கிப் பார்த்தால் அடியில் கல்லே இல்லாத, சின்னச் சின்னக் காற்றுக்குமிழிகள் நிறைந்த வெளிறிய பொருக்கு இருக்கும். அது காற்றில் வந்த தூசு, ஓடை கொண்டுவந்ததல்ல. மழைநீர் உள்ளே இறங்குவதை இந்தப் பொருக்கு வெகுவாகத் தடுக்கும் என்பதால் அதன் தடிப்பைத் தனியாக அளந்து குறியுங்கள்.

குழி ஒன்றரை மீட்டர் ஆழமாவது இருக்கட்டும். காய்ந்த மணல் சுவர் சரியும், ஆகவே ஒரு பக்கத்தைப் படிப்படியாக வெட்டி இறங்குங்கள், தனியாக இறங்க வேண்டாம். மலைப்பக்கம் மேகம் கட்டியிருந்தால் ஓடைப்படுகையில் குழியே வேண்டாம், உங்கள் தலைக்கு மேல் ஒரு துளி விழாமலேயே வெள்ளம் வந்து சேரும்.

சுவரைப் படிப்பது

வெயில் நேராகப் படும் சுவரைக் கத்தியால் சீவிச் சுத்தமாக்கி, அளவு நாடாவைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறத்தை மன்செல் அட்டையோடு (மண் நிறங்களை எண்ணிட்டு அச்சடித்த அட்டை) ஒப்பிடும்போது காய்ந்த நிலையிலும் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகும் இரண்டு முறை எழுத வேண்டும், காய்ந்த பாலைவன மண் கண்ணை ஏமாற்றும் அளவுக்கு வெளிறிக் கிடக்கும்.

அடுக்குகளின் எல்லைக்கு வருவோம். மணலிலிருந்து களிக்குச் சட்டென்று மாறுவது, கற்கள் வரிசையாகப் படுத்திருப்பது, மெல்லிய இழை இழையான கோடுகள் ஆகியவை வெள்ளத்தின் வேலை. எல்லை மெதுவாக மங்கி மாறுவதும், நிறமோ சுண்ணாம்போ படிவின் எல்லையைக் கண்டுகொள்ளாமல் குறுக்கே கடந்து போவதும் மண்ணின் வேலை. சந்தேகம் வந்தால் ஒரு கட்டியை எடுத்துக் கையால் மெதுவாக உடையுங்கள். படிந்த இழைகளின் வழியே தட்டையாகப் பிரிந்தால் அது இன்னும் வெறும் படிவுதான். முனைகள் கொண்ட சிறு கட்டிகளாக உடைந்தால் உள்ளே மண் உருவாக ஆரம்பித்திருக்கிறது. படிவின் வகையே மாறும் இடத்துக்குக் கீழே அடுக்கின் பெயருக்கு முன்னால் 2 என்று எண் போடுவது வழக்கம், அதற்கும் கீழே இன்னொரு படிவு வந்தால் 3.

களியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கீழடுக்கில் களி அதிகம் என்பதாலேயே மேலிருந்து கழுவி இறங்கிய களி என்று எழுதக் கூடாது, தேங்கிய வெள்ளமும் களியைப் போட்டுவிட்டுப் போகும். இறங்கிய களியானால் கட்டிகளின் முகத்திலும் துளைகளிலும் மணல் துகள்களின் மேலும் மெல்லிய பளபளப்புப் படலம் இருக்கும், பத்து மடங்கு லென்ஸில் தெரியும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் அந்தப் படலம் சிதைந்து போயிருக்கலாம், அதனால் படலம் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம்.

சுண்ணாம்பு, ஜிப்சம், உப்பு

பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டு நுரைப்பைப் பாருங்கள் (கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்). நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அவ்வளவுதான், அது எங்கிருந்து வந்தது என்று அமிலம் சொல்லாது. மேலே சுண்ணாம்புப் பாறை மலை இருந்தால் மேலிருந்து கீழ்வரை எல்லாமே பொங்கும். வகைப்பாட்டுக்கு வேண்டியது மண்ணுக்குள் மறுபடி படிந்த சுண்ணாம்பு. வெள்ளை நூல் போன்ற இழைகள், சுக்கான் முடிச்சுகள், கூழாங்கல்லின் அடிப்பக்கத்துப் பூச்சு இவற்றைத் தேடுங்கள். இறங்கும் நீர் கல்லின் அடியில் தொங்கி நின்று காய்வதால் பூச்சு முதலில் அங்கேதான் வரும். பூச்சு ஒரு கல்லில் மேலேயும் இன்னொன்றில் பக்கவாட்டிலும் இருந்தால் அந்தக் கற்கள் வேறொரு பழைய மண்ணிலிருந்து உருண்டு வந்தவை, அதை இந்த மண்ணின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் லாஸ் குரூசெஸ் பக்கம் 1957-இல் தொடங்கிய பாலைவன மண் ஆய்வுதான் இந்தச் சுண்ணாம்பு வளர்ச்சியை நான்கு நிலைகளாகப் பிரித்துக் கொடுத்தது. 1966-இல் கைல், பீட்டர்சன், கிராஸ்மன் மூவரும் அதை வெளியிட்டார்கள். சரளை மண்ணில் முதல் நிலை என்பது கல்லில் விட்டுவிட்டு மெல்லிய பூச்சு, இரண்டாவதில் பூச்சு தொடர்ச்சியாகும், மூன்றாவதில் இடைவெளிகள் எல்லாம் அடைபட்டுவிடும், நான்காவதில் அடைபட்ட அடுக்கின் மேல் தகடு போல் சுண்ணாம்பு படியும், கடப்பாரை மேலெழும்பித் துள்ளும். சரளை இல்லாத மண்ணில் முதல் நிலையில் இழைகளும் இரண்டாவதில் முடிச்சுகளும் தெரியும். இன்னொன்றும் அந்த ஆய்வில் தெளிவானது: பாறையில் சுண்ணாம்பே இல்லாத விசிறிகளிலும் இந்த அடுக்கு வளர்கிறது, அதற்கான கால்சியம் தூசியிலும் மழையிலும் வருகிறது.

அப்புறம் ஆழ வரிசை. என்னைக் கேட்டால் குழியில் பார்க்க வேண்டியவற்றில் இதுதான் சுவையானது. மேலிருந்து இறங்கும் மழைநீர் குறைவாகக் கரையும் சுண்ணாம்பை மேலே விட்டுவிட்டு, ஜிப்சத்தை அதற்குக் கீழேயும், எளிதில் கரையும் உப்பை இன்னும் கீழேயும் கொண்டுபோய் விடும். நிலத்தடி நீர் கிட்டே இருந்து அது நுண்துளை வழியாக மேலேறிக் காயும் இடத்தில் உப்பு மேற்பரப்பிலேயே பூத்துக் கிடக்கும். ஆகவே வரிசையைப் பார்த்தாலே நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். புதிதாகப் பாசனம் தொடங்கிய நிலத்திலும், ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்த மண்களிலும் வரிசை குழம்பியிருக்கும்.

உப்பை நாக்கில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு, வேண்டாம், மின்கடத்தும் திறனை அளக்கும் சிறு கருவி போதும். நிறைவுறு பசைச் சாற்றில் (மண்ணை நீரில் பசையாகக் குழைத்து வடித்த சாறு) மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் தாண்டினால் உவர் மண் என்பது வழக்கமான கோடு. ஒரு பங்கு மண்ணுக்கு ஐந்து பங்கு நீர் கலந்து அளந்த எண்ணை இதோடு நேராக ஒப்பிடக் கூடாது, அது குறைவாகவே காட்டும். பிஎச் 8.5-ஐத் தாண்டினால் சோடியத்தைச் சந்தேகியுங்கள். காய்ந்த கட்டி ஒன்றைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு ஆட்டாமல் வைத்தால், சோடியம் மிகுந்த களர் மண் தன்னைச் சுற்றிப் பால் போலக் கலங்கும். உப்பும் சேர்ந்து நிறைய இருந்தால் கலங்காமலும் இருக்கலாம்.

பெயர் வைப்பது

அமெரிக்க மண் வகைப்பாட்டு முறையில் முதல் கேள்வி ஈரம். பாசனத்தைக் கணக்கில் எடுக்காமல், இயல்பான ஆண்டுகளில், 50 சென்டிமீட்டர் ஆழத்தில் வெப்பம் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நாட்களில் பாதிக்கும் மேல் மண் முழுக்கக் காய்ந்திருந்து, 8 டிகிரிக்கு மேல் இருக்கும்போது தொடர்ந்து 90 நாள் ஈரம் நிற்காமலும் இருந்தால் அது வறண்ட ஈரநிலை. களி நிறைந்து அகலமாக வெடிக்கும் பள்ளத்து மண் வெர்ட்டிசால் என்ற வகுப்பில் போய்விடும், அதை முதலில் விலக்கிவிடுங்கள்.

மிச்சத்தில் அடையாள அடுக்கு (வகுப்பைத் தீர்மானிக்கும், மண்ணுக்குள் உருவான அடுக்கு) ஏதாவது இருந்தால் அரிடிசால், அதாவது வறண்ட நில மண் வகுப்பு. அதற்குள் கடும் குளிர் நிலத்து மண்ணை விட்டுவிட்டால் சோதிக்கும் வரிசை இது: உப்படுக்கு இருந்தால் சாலிட், சிலிக்காவால் இறுகிய தட்டு இருந்தால் டியூரிட், ஜிப்சம் அடுக்கு இருந்தால் ஜிப்சிட், இறங்கிய களி இருந்தால் ஆர்ஜிட், சுண்ணாம்பு அடுக்கு இருந்தால் கால்சிட், எதுவும் இல்லாமல் கட்டமைப்பு மட்டும் வந்திருந்தால் கேம்பிட். வரிசையை மாற்றக் கூடாது. சுண்ணாம்பு அடுக்கு என்று சொல்லக் குறைந்தது 15 சென்டிமீட்டர் தடிப்பும் பொதுவாக 15 சதவீதம் சுண்ணாம்பும் வேண்டும். சரளைக் கல்லில் முதல் நிலைப் பூச்சைப் பார்த்துவிட்டுக் கால்சிட் என்று எழுதுவது அதனால்தான் செல்லாது.

அடையாள அடுக்கே இல்லாத இளம் வண்டல் என்டிசால். எங்கும் மணலாக இருந்து கல் 35 சதவீதத்துக்குக் குறைவானால் டோரிப்சாமென்ட். இல்லாவிட்டால் அங்ககக் கார்பனைப் பாருங்கள். ஆழத்தோடு சீராகக் குறையாமல் ஏறி இறங்கினால், அல்லது 125 சென்டிமீட்டரிலும் 0.2 சதவீதம் இருந்தால், டோரிஃப்ளூவென்ட். பழைய வெள்ளங்கள் புதைத்த மேல்மண்ணின் தடயம்தான் அந்த ஏற்ற இறக்கம். அதுவும் இல்லையென்றால் டோரிஆர்தென்ட். ஓடை போட்டது என்று கண்ணால் தெரிகிற சரளை மண் பலவும் கார்பன் இல்லாததால் இதில்தான் விழும், கொஞ்சம் எரிச்சலாக இருந்தாலும் விதி அப்படி.

உலக ஆதார முறையில் (WRB என்ற பன்னாட்டு மண் வகைப்பாடு) பருவநிலை ஒரு நிபந்தனையே இல்லை. சோதிக்கும் வரிசையில் சோலனெட்ஸ் (களர்), சோலன்சாக் (உவர்), ஜிப்சிசால் (ஜிப்சம்), கால்சிசால் (சுண்ணாம்பு) எல்லாம் முன்னால் வர, ஃப்ளூவிசால் (வண்டல்) கடைசிப் பக்கம் நிற்கிறது. எனவே வண்டலாக இருந்தும் சுண்ணாம்பு அடுக்கு முற்றியிருந்தால் அது கால்சிசால்தான்.

ஆய்வகத்துக்கு அனுப்பும்போது ஜிப்சம் இருக்கிறது என்று பையிலேயே எழுதிவிடுங்கள். வழக்கமான 105 டிகிரியில் காயவைத்தால் ஜிப்சத்தின் படிக நீரும் போய், ஈர அளவு உள்ளதைவிட அதிகமாக வரும். துகள் அளவு பார்க்கும்போதும் ஜிப்சம் களியைத் திரள வைத்துக் களி குறைவு என்று காட்டும், அதைக் கரைத்து நீக்கிய பிறகே அளக்கச் சொல்லுங்கள்.